தொட்டால் மட்டும் கேட்கும் வீடு

தூத்துக்குடியில் உப்பளங்களுக்கு இந்தப் பக்கம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் சி பிளாக்கில், மூன்றாம் மாடியில் வலது கைப்பக்கம் இருக்கிற வீட்டுக்குள், சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக மூன்றே காலுக்கு, காற்று தான் அதுநாள்வரை சுமந்துவந்த சாமான்களையெல்லாம் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தது. ஜன்னல் திரை ஆடியது, மின்விசிறிக்குக் கீழே காலண்டர் தாள் அடித்துக்கொண்டது, கழுத்து வேர்வை காய்ந்தது. ஆனால் கீழ்வீட்டில் வறுபடுகிற கருவாட்டின் வாசனை வரவில்லை, எதிர்வீட்டுக் குழந்தையின் அழுகை வரவில்லை, துறைமுகத்துச் சங்கு வரவில்லை, கண்முன்னால் அடித்துக்கொண்ட காலண்டர் தாளின் சத்தம்கூட வரவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயக்கனி, தனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஊதிப் பார்த்தாள்.

எட்டிப் பார்த்தால், ஹாலில் அவள் கணவர் பால்துரை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததால் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. போய் அவர் தோளில் கை வைத்தாள். வைத்த உடனே, நடுவில் அறுந்திருந்த பேச்சு வால்பக்கத்திலிருந்து அவள் காதில் வந்து அறைந்தது.

"...எத்தன தடவ கூப்பிடுதேன், காது என்ன அவிஞ்சா போச்சு!"

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. திரும்ப வைத்தாள். "...இப்பவும் பதில் சொல்லுதாளா பாரு!" என்று கேட்டது. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். நாலு தடவை பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெள்ளப் பேசுங்க, கேக்குது" என்றாள்.

பால்துரை காவல்துறையில் வயர்லெஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக இருபத்தெட்டு வருஷம் கழித்த மனிதர். அங்கே அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொன்னால் திருச்செந்தூரில் ஜீப் கிளம்பும், கோவில்பட்டியில் ரோந்து வண்டி திரும்பும், எட்டயபுரத்தில் யாரோ ஒரு எஸ்.ஐ. சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு எழுந்திருப்பார். ஆகவே பேச்சு என்பது இருந்த இடத்திலிருந்து அனுப்பிவைக்கிற சமாச்சாரம், அது தன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவருக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது. ஓய்வுபெற்ற நான்கு வருஷமும் ஹால் நாற்காலியிலிருந்து "ஏளா, தண்ணி" என்றும் "ஏளா, மோட்டார் போட்டியா" என்றும் "ஏளா, வாசல்ல யாரு" என்றும் அனுப்பிக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு வார்த்தைக்காகவாவது எழுந்து சமையலறை வாசல்வரை வந்ததில்லை. இத்தனைக்கும் பத்தடி தூரம். கெட்ட மனிதர் என்று அவரைச் சொன்னால் சொன்ன வாய் அழுகிப்போகும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குழம்பில் உப்பு இல்லையென்றால் உப்பு இல்லாமலே தின்றுவிட்டுப் போவார்.

மாசி மாதத்தில் ஒருநாள் ஜெயக்கனி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வாளி உருண்ட சத்தத்துக்கு, ஹாலிலிருந்து "என்ன சத்தம்?" என்று வந்தது. ஈரத்தரையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "ஒண்ணுமில்ல" என்று கத்தினாள். அவர் நம்பிவிட்டார். டிவியில் செய்தி முடிந்து, வானிலை முடிந்து, அவள் தானாகவே சுவரைப் பிடித்து எழுந்து வெளியே வந்தபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் தீர்மானித்தாள். உள்ளூர்ப் பள்ளி விடுதி ஒன்றில் அது மூடப்படும்வரை பதினெட்டு வருஷம் உதவி வார்டனாக இருந்தவள். கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி விடுதிக்கு வார்டன் தேடுகிறார்கள் என்று தெரிந்து எழுதிப்போட்டாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் என்று பதில் வந்தது. "கெடச்சா நான் போயிருவேன்" என்று சமையலறையிலிருந்து சொன்னாள். "சரி" என்று ஹாலிலிருந்து வந்தது.

சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கம்ப்யூட்டரை நோண்ட உட்கார்ந்தது அதற்காகத்தான். மஸ்கட்டில் இருக்கிற மகள் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் அது. கேபிள் செருகுகிற துளை போன ஐப்பசி மின்னலில் கருகிவிட்டதால், பின்பக்கம் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு வைஃபை அடாப்டர் செருகியிருந்தது. அது கொஞ்ச நாளாகப் பேச்சு நடுவிலேயே விட்டுவிட்டு வந்தது. ஜெயக்கனியின் கைபேசியில் முன்பக்கக் கேமரா எப்போதோ கண்ணை மூடிவிட்டது, அவருடையதோ பட்டன் போன். ஆகக் கம்ப்யூட்டரை விட்டால் வழியில்லை. முக்கியமான பேச்சு, நடுவில் அறுந்தால் அசிங்கம் என்று வயர்லெஸ் ஏட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. செட் மக்கர் செய்தால் கழற்று, துடை, மாட்டு என்பது அவர்கள் தொழிலில் பழகின பாடம். அதேபடி கம்ப்யூட்டருக்குள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அடாப்டரின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, அன்இன்ஸ்டால் கொடுத்து, டிரைவரையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்ட சின்னப் பெட்டியில் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு டிக்கும் போட்டார். பிறகு அடாப்டரை வெளியே உருவி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், முலாம் பூசின பல்லைத் துடைத்து, கூடவே அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் எழுத்து ஒன்றுகூட மிச்சமில்லாமல் பளிச்சென்று துடைத்து, திரும்பச் செருகினார். அப்போது மணி மூன்றே கால்.

அடாப்டர் வேலை செய்யாத வீடுகள் ஊரில் ஆயிரம் இருக்க, இந்த வீட்டில் மட்டும் காற்று ஏன் இப்படிச் செய்தது என்று சி பிளாக்கில் ஒருவரும் கேட்கவில்லை. காற்றில் வருகிற வெளிச்சம் மட்டும் எப்படி வருகிறது என்று நீங்கள் கேட்கலாம்; அதையும் அவர்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை கறிவேப்பிலை கேட்க வந்த எதிர்வீட்டு சரோஜா டீச்சர், அழைப்பு மணியை ஐந்து நிமிஷம் அழுத்திவிட்டுத் தானே கதவைத் தள்ளி உள்ளே வந்து, ஜெயக்கனி அவள் கையைப் பிடித்து விஷயத்தைச் சொல்லக் கேட்டு, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்பம் எம்பேத்திய மத்தியானம் கொஞ்சம் இங்க படுக்கப் போடட்டா அக்கா? கோயில்ல மைக் செட் எறக்கியாச்சு, நாளையிலருந்து புள்ள கண்ண மூடாது" என்றாள். அவ்வளவுதான் அவள் ஆச்சரியம்.

அது கோயில் கொடைத் திருவிழா வாரம். குடியிருப்புக்கு எதிரே இருக்கிற அம்மன் கோயிலில் சித்திரைக் கொடைக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டினால், ஆறு பிளாக்குகளிலும் சோற்றுப்பானை மூடி தானாக ஆடும். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டார்கள். ஏழு மணிக்கெல்லாம் ஜெயக்கனியின் வீட்டில் மூன்று தொட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்குத் துணைத்தேர்வு எழுதுகிற இரண்டு பெண் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து கட்டிலுக்கடியில் இடம்பிடித்தார்கள். பத்து மணிக்கு, பிறந்ததிலிருந்தே காது கேளாத டெய்லர் அருளப்பன், ஊரே ஏன் இந்த வீட்டுக்கு ஏறுகிறது என்று பார்க்க வந்து, எல்லோரும் வாயசைப்பையும் கையசைப்பையும் வைத்துத் தட்டுத்தடுமாறிக்கொண்டிருப்பதைக் கண்டு, சுவரோரம் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரண்டே நாளில் அந்த வீட்டுக்கென்று முறைகள் வந்துவிட்டன. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து முழங்கையைத் தொட வேண்டும். பெண்ணிடம் ஆண் பேச வேண்டுமானால் ஒரு துண்டின் இரண்டு நுனிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். துண்டு விறைப்பாக இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும், தொய்ந்தால் கரகரக்கும். ஐந்து பேர் பேசுவதானால் கைகோத்து வட்டமாக உட்கார வேண்டும். யார் கையை யார் பிடிப்பது, எந்தத் தெருக்காரர் கையை எந்தத் தெருக்காரர் பிடிப்பது என்று வாசலிலேயே தயங்கித் திரும்பிப் போன ஓரிருவரும் இருந்தார்கள். கொடை மைக் மறுநாளே அவர்களையும் கொண்டுவந்து உள்ளே தள்ளியது. பிடித்த கையை ரொம்ப நேரம் விடாமல் பேசிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான்.

தரைத்தளத்து முருகானந்தமும் அவன் பெண்டாட்டி சுகந்தியும் நிதானமாகச் சண்டை போடுவதற்கென்றே வந்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் இரண்டு நாள் சண்டை பாக்கி நின்றது. பால்கனியில் நின்று இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு முகத்துக்கு முகம் முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். பார்த்தவர்களுக்குக் கல்யாணத்தில் மணவறை சுற்றப் போகிற மாதிரி இருந்தது. கோபம் தலைக்கேறிச் சுகந்தி கையை உதறுவாள். உதறினால் தான் திட்டுவது அவனுக்குக் கேட்காது என்று ஞாபகம் வந்து திரும்பப் பிடித்துக்கொள்வாள். கடைசியில் இருவரும் காபி கேட்டார்கள்.

இத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் கம்ப்யூட்டர் வேலை நடந்தது. வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. ஆகவே ஜெயக்கனி மாடிப்படியில் போய் உட்கார்ந்து, ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு, கைபேசியில் இந்த மாதிரிக் கோளாறுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடி, பழைய டைரி ஒன்றில் வரிசையாக எழுதிக்கொண்டு வருவாள். அவருடைய வலது கை மவுஸைப் பிடித்திருக்கும். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"மேல ஆக்ஷன்னு ஒண்ணு இருக்கா? அத அமுக்குங்க. ஸ்கேன்னு ஆரம்பிக்கிறது."

"அமுக்கியாச்சு."

"என்ன வருது?"

"தெரியாத சாதனம்ங்கான். மஞ்ச முக்கோணத்துல ஆச்சரியக்குறி போட்டுருக்கான்."

"அதுக்கு மேல ரைட் கிளிக். அப்டேட் டிரைவர்."

"அதுதாம் இல்லையே, எங்கிட்டுப் போய் அப்டேட் பண்ண? நெட்டு வேணும்ங்கான். நெட்டு வரணும்னாத்தான இவன கேக்கோம்!"

"எங்கிட்ட எதுக்குக் கத்துதிய? பக்கத்துலதான இருக்கேன்."

அவர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். அப்படி அவர் தணித்ததை அவள் கல்யாணமான புதிதில் கேட்டது. அதன்பிறகு இப்போதுதான்.

சரோஜா டீச்சரின் கேமரா போன மடிக்கணினியில் டிரைவரைத் தரவிறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற அந்த அடாப்டரில் மூன்று பதிப்புகள் உண்டாம், உள்ளே இருக்கிற சில்லு மூன்றிலும் வேறு வேறாம். எந்தப் பதிப்பு என்பது முதுகு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் என்று போட்டிருந்தது. ஜெயக்கனி பளபளவென்றிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் மவுஸைப் பார்த்தார். ஒன்றைப் போட்டால், சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, கோளாறு எண் பத்து என்றது. இன்னொன்றைப் போட்டால் திரை நீலமாகி அணைந்தது. நான்கு நாளைக்கு நாற்பது தடவை ரீஸ்டார்ட் செய்திருப்பார்கள். அது அணைந்து எரிகிற ஒவ்வொரு தடவையும் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஏதாவது பேசினார்கள். மஸ்கட்டில் மகளுக்கு என்ன மணி இருக்கும் என்பதில் ஆரம்பித்து, அவர் முதன்முதலில் வயர்லெஸில் பேசியபோது எந்த ஊர் என்பதையே மறந்துவிட்டுத் திணறியது, அவள் விடுதியில் ஒரு பிள்ளை அம்மாவுக்கு எழுதின கடிதத்தை இவளிடமே கொண்டுவந்து கொடுத்தது என்று எங்கெங்கோ போனது. அந்தக் கடிதக் கதையை அவள் பத்து வருஷத்துக்கு முன்பே அவருக்குச் சொல்லியிருக்கிறாள். அப்போது அவர் ஹாலில் இருந்தார்.

புதன்கிழமை ஒரு காரியம் நடந்தது. அவள் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு திரும்பி வந்தால், ஹால் நாற்காலியின் கையிலிருந்து சமையலறை அலமாரிப் பிடிவரை துணி காயப்போடுகிற நைலான் கொடியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியைப் பிடி என்று சைகை காட்டினார். பிடித்தாள்.

"கேக்குதா? சரியா கேக்குதா? இனி அங்கயும் இங்கயும் அலையாண்டாம் பாரு!" முகம் அத்தனை பூரிப்பாக இருந்தது.

ஜெயக்கனி கையிலிருந்த நுனியை விட்டாள். கயிற்றின் அவிழ்க்க முடியாத முடிச்சை அரிவாள்மனையில் வைத்து அறுத்தாள். சுருட்டி எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், அங்கே கட்டி, ஈரமே இல்லாத இரண்டு போர்வைகளைக் காயப்போட்டுவிட்டு, அங்கேயே ஸ்பீக்கர் சத்தத்துக்கு நடுவில் ரொம்ப நேரம் நின்றாள். நான்கு வருஷத்துக் கோபமும் அழுகையாக வந்தது. மைக் செட் அதை யாருக்கும் கேட்கவிடவில்லை.

அவள் இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது பின்னாலிருந்து முழங்கையை யாரோ தொட்டார்கள். சரோஜா டீச்சர் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தார். உத்தரத்தில் தலை இடித்துவிடுமோ என்பதுபோல் குனிந்து நின்றார், அங்கே உத்தரமே கிடையாது.

"அன்னைக்கு பாத்ரூம்ல விழுந்தியாமே" என்றார். "டீச்சர் சொன்னா."

"ஆமா."

"ஒண்ணுமில்லன்னியே."

"ஆமா, சொன்னேன்."

அவர் அவளுடைய முழங்கையை விடவில்லை. அதுதான் அன்றைக்கு அடிபட்ட முழங்கை என்பது அவருக்குத் தெரியாது. "நான் எந்திரிச்சு வந்து பாத்துருக்கணும்" என்றார். பால் பொங்கி வழிந்தது. சத்தமும் வாசனையும் இல்லாததால் இருவருமே கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், ஜெயக்கனி பெட்டி எடுக்கப் பரணில் ஏறினாள். கோயம்புத்தூருக்கு எடுத்துப் போவதற்கான சூட்கேஸ். என்ன இருந்தாலும் தீர்மானித்தது தீர்மானித்ததுதான், நேர்காணல் எப்படியும் நடக்கும் என்று அவள் அடுக்க ஆரம்பித்திருந்தாள். நம் வீடுகளில் சாமான் போனாலும் அது வந்த அட்டைப்பெட்டி போகாது. மிக்சி வந்த பெட்டி, இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உடைந்துபோன சுவர்க்கடிகாரம் வந்த பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. சூட்கேஸை இழுத்தபோது அதற்குப் பின்னாலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று உருண்டு வந்தது. அடாப்டரின் படம் போட்டிருந்தது. அடியில் மாடல் எண்ணும், அதற்குப் பக்கத்தில் பதிப்பு மூன்று என்றும் தெளிவாக அச்சடித்திருந்தது. உள்ளே உள்ளங்கையளவுக்கு ஒரு குட்டி சிடி இருந்தது.

தூசியைக்கூடத் தட்டாமல் இறங்கி வந்து கம்ப்யூட்டரில் போட்டாள். நான்கு நாளாகக் கிளிக் செய்யச் சொல்லிச் சொல்லி எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், இன்ஸ்டால், ஃபினிஷ். மஞ்சள் முக்கோணம் மறைந்தது. அந்த நொடியே காற்று வாசலில் போட்டிருந்த சாமான்களையெல்லாம் ஒரே வாரில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. கொடைப்பாட்டும் கருவாடும், சங்கும் சைக்கிள் மணியும், சாம்பிராணியும் மீன்காரியின் கூவலும், கீழே முருகானந்தம் தும்முவதும் உப்பளத்து ஈரமும் கலந்துகட்டி ஹாலை நிறைத்தன. வேறு யாரும் வந்திராத அந்த நேரத்தில் தொட்டிலில் கிடந்த டீச்சரின் பேத்தி அலறிக்கொண்டு எழுந்தது. ஜெயக்கனி குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, திரையைப் பார்த்தபடி நின்றாள். அவ்வளவுதான், முடிந்தது. சனிக்கிழமைக்கு ஒரு தடையும் இல்லை. மார்க்கெட்டிலிருந்து அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அங்கிருந்தே "ஏளா, மீன் வாங்கியாச்சு" என்று சொல்வார்.

அவள் குனிந்து, அடாப்டரின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, டிஸேபிள் கொடுத்தாள். காற்று எல்லாவற்றையும் திரும்ப வாசலில் வைத்தது. குழந்தை அவள் தோளிலேயே தூங்கிப்போனது. சிடியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சூட்கேஸுக்குள் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். செய்தது சரியா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். சமையலறைவரை வந்து, முழங்கையைத் தொட்டு, "சாளை நல்லா இருந்துச்சு, அதாம் ரெண்டு கூறு வாங்கிட்டேன்" என்றார். அவள் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் மறைத்தது இது. அவர் மறைத்தது வேறு. வெள்ளிக்கிழமை காலை குளித்து, சட்டை மாட்டி, எங்கே என்று சொல்லாமல் கிளம்பிப் போனவர், சாயங்காலம்தான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து சூட்கேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடத் தோளைத் தொட்டபோது, "நாளைக்குப் பதினோரு மணிதான?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். நாளைக் காலையில் தானே சிடியை எடுத்துப் போட்டதாகச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, இடது கையை அவள் பக்கம் நீட்டினார்.

"ஸ்டிக்கர் போனா என்ன, அதுக்குள்ளயே ஒரு நம்பர் இருக்குமாம். பிராப்பர்ட்டீஸ்ல, டீட்டெயில்ஸ்ல, ஹார்டுவேர் ஐடின்னு. அத புதன்கிழமையே எழுதி வச்சிருந்தேன், நேத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில குடுத்தேன். அந்தப் பொண்ணு தேடி எடுத்துக் குடுத்துச்சு. இது சரியா இருக்கும்ளா. நீ பேசுத நேரத்துல அந்து போவாது."

நேர்காணல் நடந்தால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்த மனிதர், ஒருநாள் முழுக்க வெயிலில் அலைந்து அதை நடத்திவைக்க ஒரு பென் டிரைவை வாங்கிவந்திருக்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்துவிட்டார்.

மஞ்சள் முக்கோணம் இல்லை. அடாப்டர் அதன் சொந்தப் பெயரில், முழுப் பெயரில் நின்றது. பக்கத்தில், கீழ்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி மட்டும். ஐந்து நாளில் அவரும் எல்லாக் குறிகளையும் படித்துவிட்டார். சாமான் நன்றாக இருக்கிறது, யாரோ வேண்டுமென்றே அணைத்துவைத்திருக்கிறார்கள் என்பது அந்த அம்பு. அவர் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது. இந்த வீட்டில் அதைத் தெரிந்த இன்னொரு ஆள் யார் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயக்கனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருந்த மணிக்கட்டில் நாடி வேகமாக அடித்தது. அதுவும் அவளுக்குச் சத்தமாகவே கேட்டது.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்றைக்கு என்றும் கேட்கவில்லை. பென் டிரைவைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனேபிள் குடுக்கட்டா?" என்றார்.

"மணி பத்தாகப் போவுது" என்றாள். பிறகு, "குடுங்க" என்றாள்.

சத்தமும் வாசனையும் திரும்ப வந்தன. கட்டிலுக்கடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, புத்தகங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனார்கள். தொட்டில்கள் அவிழ்ந்தன. கடைசிநாள் கொடை என்பதால் ஸ்பீக்கர் உச்சத்தில் இருந்தது. பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழவில்லை. பதினோரு மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் கேட்கப்போகிறது தன் குரலையா அம்மன் பாட்டையா என்று ஜெயக்கனி புடவை மாற்றிக்கொண்டே கவலைப்பட்டாள். வெளியே வந்து பார்த்தால் அவர் வீட்டில் இல்லை.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாட்டு நின்றது. ஆறு பிளாக்குகளிலும் ஜன்னல்கள் திறந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கரண்டும் இருக்கிறது, கொடையும் முடியவில்லை, பாட்டு மட்டும் இல்லை. ஜெயக்கனி எட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் தோன்றி வணக்கம் சொன்னார்.

இருபத்தைந்து நிமிஷம் ஒரு சொல்கூட அறுந்துபோகவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள், வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள், சமையல்காரர்கள் சொல்பேச்சுக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பதினெட்டு வருஷம் செய்ததைச் சொன்னாள். ஒன்றாம் தேதி சேர முடியுமா என்றார்கள். முடியும் என்றாள். நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். ஒன்று கேட்டாள். பதில் கிடைத்தது.

பால்கனிக்கு வந்தாள். கீழே, சாலைக்கு அந்தப் பக்கம், மைக் செட் பந்தலில் அவர் தெரிந்தார். அங்கிருந்தே கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். குடியிருப்பு முழுக்க அத்தனை அமைதி. ஜெயக்கனி செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். சாலையைத் தாண்டினாள். மைக் செட்காரர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, பால்துரை அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கையை எடுத்தால் பாட்டு கிளம்பிவிடும் என்பதுபோல் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அவள் போய் அவருடைய இன்னொரு கையைப் பிடித்தாள். பந்தலில் இருந்த நான்கு பேர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

"கெடச்சிருச்சு" என்றாள்.

"நல்லதுளா."

"ஒண்ணாந்தேதி வரச் சொல்லுதாவ."

"நல்லது." குரல் கரகரத்தது. "பெட்டி கனமா இருக்கும். நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

"வார்டன் வீடு விடுதி கேட்டுக்கு வெளிய தனியா இருக்காம். வீட்டுக்காரரும் கூட இருக்கலாமான்னு கேட்டேன். இருக்கலாம்ங்காவ." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "விட்டுட்டு வாரியளா, இருந்துக்கிடுதியளா?"

பால்துரை வாயைத் திறந்தார். காற்று எல்லாவற்றையும் நன்றாகவே கொண்டுவந்துகொண்டிருந்த அந்த இடத்தில், அவரிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மைக் செட்காரரின் தோளிலிருந்து கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு போடலாமா என்று அந்த மனிதர் கேட்டதற்கு, இரு என்று பால்துரை கையமர்த்தினார்.

"எத்தன ரூமு?" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டு எதுக்குளா நமக்கு?" என்றார்.